கோவேறு கழுதைல அந்த 'கோ' யாரு?

சொல்தேடி:
போன வருஷம் அம்மாவை கேதார்நாத் கூட்டிட்டுப் போனேன். கௌரிகுண்ட்ல இருந்து மேல நடக்க அம்மாவுக்கு முட்டி வலி விடல, சரின்னு ஒரு குதிரை பேசினோம். குதிரைன்னுதான் நானும் நினைச்சேன், கிட்ட போய்ப் பாத்தா காது இவ்ளோ நீளம், வால் மட்டும் குதிரை வால், கத்துறப்ப குதிரை மாதிரி ஆரம்பிச்சு கழுதையா முடிக்குது. ஓட்டுற பையன்கிட்ட இந்தில 'கோடா?', குதிரையான்னு கேட்டா சிரிச்சுட்டு 'கச்சர், கச்சர்'ங்கறான். 'அம்மா இது கோவேறு கழுதை'ன்னு சொன்னேன், அவங்க அது மேல உக்காந்துகிட்டே 'அதென்னடி கோ? கோமாதாவா, ராஜாவா?'ன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். இங்க தமிழ் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்க, யாராவது சொல்லுங்க, ஆனா சண்டை போடாம சொல்லுங்க.

குசும்பன்:
கடைசி வரியைப் படிச்சதுமே சுண்டல் வாங்கிட்டு வந்து உக்காந்துட்டேன்.

ஓய்வு வாத்தியார்:
இதுல சண்டைக்கு என்னம்மா இருக்கு? கோன்னா அரசன். கோ கூட ஏறு சேர்ந்தா நடுவுல வ் வந்து கோவேறு, கோ இல் கோவில் ஆன மாதிரி. அரசன் ஏறிப் போற கழுதை, அவ்வளவுதான். சாதாரணக் கழுதை மேல வண்ணாந்துறை அழுக்கு மூட்டை ஏறும், இது மேல பெரிய மனுஷன் ஏறுவான், அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் இந்தப் பேரு. முப்பது வருஷமா பத்தாம் கிளாஸுக்கு இப்படித்தான் பிரிச்சுக் காட்டினேன், ஒரு பய எதிர்த்துக் கேக்கல.

தங்கவயல்:
பத்தாம் கிளாஸ் பய எப்படி சார் எதிர்த்துக் கேப்பான், மார்க் உங்க கையில இருக்கே. நான் கேக்கறேன். எந்த ராஜா ஏறினான்? சேர சோழ பாண்டியன்ல ஒருத்தன் கோவேறு கழுதை மேல உலா வந்தான்னு ஒரே ஒரு பாட்டுல ஒரு வரி காட்டுங்க. உலான்னாலே யானை, குதிரை, தேர்தான். கழுதையை பகைவன் ஊரை அழிச்சு ஏர் பூட்டி உழறதுக்குத்தான் பயன்படுத்தினாங்க, அதுவும் அவமானப்படுத்தறதுக்காக. அப்படிப்பட்ட மிருகத்து மேல 'அரசன் ஏறுற'ன்னு எவன் பேர் வைப்பான்?

பச்சைக்கிளி:
எங்க ஊர்ல சொல்றது வேற. கோன்னா பசு, ஏறுன்னா காளை, அதாவது மாட்டு ஜாதியும் கழுதையும் கலந்ததுன்னு எங்க தாத்தா சொல்லுவார்.

ஓய்வு வாத்தியார்:
தாத்தா மேல மரியாதை உண்டு, ஆனா இது நடக்காத காரியம். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கறது இது, மாட்டுக்கு இதுல வேலையே இல்ல. தொல்காப்பியம் மரபியல்ல எந்த மிருகத்து ஆணுக்கு என்ன பேருன்னு பட்டியலே இருக்கு. ஏறுங்கறது பன்றி, புல்வாய், உழை, கவரி, எருமை, மரை, மாடு இதுகளுக்கு. சுறாவுக்குக் கூட உண்டு. கழுதைக்கு இல்ல. இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க, ஆண் குதிரையை 'சேவல்'னு சொல்லலாம்னு அங்க இருக்கு.

குசும்பன்:
என்னது, குதிரை சேவலா? அப்ப பெண் குதிரை கோழியா வாத்தியாரே?

ஓய்வு வாத்தியார்:
பெட்டை. ஒட்டகம், குதிரை, கழுதை, மரை நாலுக்கும் பெட்டைன்னே சூத்திரம் இருக்கு. சிரிக்காதீங்க.

பச்சைக்கிளி:
சரி ஏறு இல்ல. அப்ப கோ, வேறுன்னு பிரிச்சா? கழுதை மாதிரி இருக்கு, ஆனா வேறு கழுதை?

தங்கவயல்:
அப்பவும் முன்னாடி கோ அந்தரத்துல தொங்குதே பாஸ். வேறு கழுதைன்னா 'வேறு கழுதை'ன்னு விட்டுட்டுப் போயிருப்பானே.

முத்துநகர் அக்கா:
வாத்தியார் சாருக்கு சப்போர்ட்டா ஒண்ணு சொல்றேன். எனக்கு இந்த வார்த்தை பள்ளிக்கூடத்துல வரல, சண்டே கிளாஸ்ல வந்துச்சு. தாவீது ராஜா சாகறதுக்கு முன்னாடி சாலொமோனை ராஜாவாக்கணும்னு முடிவு பண்ணதும் கொடுக்கற முதல் கட்டளையே, என் கோவேறு கழுதை மேல அவனை ஏத்தி கீகோனுக்குக் கூட்டிட்டுப் போங்கங்கறதுதான். முதலாம் ராஜாக்கள் முதல் அதிகாரம் 33. குதிரை இல்ல பாருங்க, ராஜாவோட கோவேறு கழுதை. அதுல ஏத்தினாலே ஊருக்கே சேதி போயிடும், அடுத்த ராஜா இவன்னு. தாவீதோட பசங்க எல்லாரும் ஆளுக்கொரு கோவேறு கழுதை வச்சிருந்தாங்க. அப்சலோம் செத்ததும் அதனாலதான், மரத்துக்கு அடியில ஓடுறப்ப தலை கிளையில மாட்டிக்கிச்சு, கோவேறு கழுதை அது பாட்டுக்கு ஓடிப்போச்சு, இவன் தொங்கறான். சின்ன வயசுல அந்தப் படத்தைப் பாத்து ராத்திரி தூங்கல நான். அதனால அரசன் ஏறுற கழுதைன்னா எனக்கு நம்பறதுக்கு கஷ்டமே இல்ல.

தங்கவயல்:
அக்கா, அது இஸ்ரவேல் ராஜா. தமிழ்ப் பேருக்கு எருசலேம்ல இருந்து சாட்சி கொண்டு வர்றீங்க.

முத்துநகர் அக்கா:
தம்பி, சாட்சி எங்க இருந்து வந்தா என்ன? இன்னிக்கு தமிழ்நாட்டுல இந்த வார்த்தையை வாரா வாரம் சத்தமா வாசிக்கற இடம் எதுன்னு யோசிச்சுப் பாருங்க, சர்ச்தான். நீங்கல்லாம் கூகுள்ல தேடி வந்தவங்க. இன்னொரு வேடிக்கை, லேவியராகமம் 19:19ல ரெண்டு ஜாதி மிருகத்தைச் சேர்க்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, ஆனா ராஜா வீட்டுல அத்தனையும் கோவேறு கழுதை. வெளியில இருந்து வாங்கியிருப்பாங்க போல. காசுள்ளவனுக்குத்தானே அது முடியும்? அப்ப 'கோ'வுக்கு அர்த்தம் இருக்கா இல்லையா?

சொல்தேடி:
அக்கா இது சூப்பர். ஒரு சந்தேகம், பைபிளுக்கு முன்னாடி நம்மகிட்ட இதுக்குப் பேரே இல்லையா?

ஓய்வு வாத்தியார்:
இல்லாம என்ன! அத்திரி. தங்கவயல் தம்பி ஒரு வரி கேட்டாரே, மூணா தர்றேன். அகநானூறு 120ல நக்கீரர், 'கழிச்சுறா எறிந்த புண்தாள் அத்திரி'ங்கறார். தலைவன் ஏறி வந்த அத்திரி உப்பங்கழியைத் தாண்டறப்ப சுறா காலை அடிச்சுப் புண்ணாக்கிருச்சு, அது நடக்க முடியாம தளர்ந்து போச்சு, இந்த ராத்திரியில திரும்பிப் போகாம இங்க தங்கிட்டுப் போனா என்ன கெட்டுப் போச்சுன்னு தோழி கேக்கறா. நற்றிணை 278 இன்னும் அழகு, தலைவனோட அத்திரி கழிச்சேத்துல மிதிச்சு வந்திருக்கு, குளம்புல செக்கச் செவேர்னு இறால் நசுங்கி ஒட்டியிருக்கு, அவன் மாலை பூரா வெள்ளை மணல். பாத்துட்டு வந்து சொல்றா தோழி. மூணாவது சிலப்பதிகாரம், இந்திரவிழா முடிஞ்சு கடலாடப் போறப்ப 'வான வண்கையன் அத்திரி ஏற', கோவலன் அத்திரி மேல, மாதவி வண்டியில. 'ஏற'ங்கற வினையைக் கவனிங்க தம்பி! கோ ஏறு, அத்திரி ஏற.

தங்கவயல்:
சார் நீங்களே சேம் சைடு கோல் போட்டுட்டீங்க. மூணு பாட்டுலயும் ஏறினது யாரு? ரெண்டுல நெய்தல் நிலத்துத் தலைவன், ஒண்ணுல கோவலன். கோவலன் செட்டியார் வீட்டுப் பையன் சார், கோ இல்ல. பெரிய பணக்காரன், சரி. ஆனா ராஜா எங்க?

குசும்பன்:
கோவலன் ஏறினதால கோவேறு. 'கோ'வலன் 'ஏறு' கழுதை. கேஸ் முடிஞ்சது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க.

ஓய்வு வாத்தியார்:
ராஜநாகம்னு சொல்றோம், அதுக்கு யார் பட்டாபிஷேகம் பண்ணாங்க? ராஜபிளவைன்னு சொல்றோம், ராஜாவுக்கு மட்டுமா வருது? உசத்தியானது, பெருசுன்னு காட்ட அரசனைச் சேர்த்துச் சொல்றது நம்ம வழக்கம். கோவும் அப்படித்தான். இன்ஸ்பெக்ஷன் மாதிரி 'எந்த ராஜா, எந்த வருஷம்'னு கேக்கக் கூடாது.

தங்கவயல்:
ராஜநாகத்துல 'ராஜா ஏறுற நாகம்'னு இல்லையே சார். அங்க அடைமொழி மட்டும்தான், இங்க வினை இருக்கு, ஏறுறதுக்கு ஒரு ஆள் வேணும்.

சரி என் கட்சியைச் சொல்றேன், பொறுமையா படிங்க. நான் வளர்ந்தது கோலார் தங்கவயல்ல, வீட்டுல தமிழ், தெருவுல கன்னடம், பக்கத்து வீட்டுல தெலுங்கு. இந்த மிருகத்துக்கு கன்னடத்துல ஹேசரகத்தெ, கத்தென்னா கழுதை, அப்ப ஹேசர என்னன்னு கேட்டா எந்த கன்னடக்காரனுக்கும் தெரியாது. தெலுங்குல கஞ்சர காடித, காடிதன்னா கழுதை, கஞ்சர என்னன்னு கேட்டா தெரியாது. மலையாளத்துல கோவர்கழுத, கோவர் என்னன்னு கேட்டா அதுவும் தெரியாது. மூணு மொழியிலயும் கதை ஒண்ணுதான், ஏதோ ஒரு புரியாத வெளிச்சொல்லு முன்னாடி, நம்ம கழுதை பின்னாடி. எங்கிருந்தோ குதிரை வியாபாரிங்க கொண்டு வந்த மிருகம், அவன் சொன்ன பேரை வாங்கி, ஜனங்களுக்குப் புரியணுமேன்னு பின்னாடி கழுதையை ஒட்டிட்டான். கேட்டு வாசல், நடு சென்டர்னு சொல்றோமே அது மாதிரி. தமிழும் அப்படித்தான்ங்கறது என் வாதம். முதல்ல கோவர் மாதிரி ஏதோ ஒரு புரியாத சத்தம், தமிழன் காது அதை சும்மா விடுமா, கோ இருக்கு, ஏறு இருக்கு, பிரிச்சு அர்த்தம் பண்ணிக்கிச்சு. ராஜா பின்னாடி வந்து ஏறினவரு சார், பேரோட பிறந்தவரு இல்ல.

பச்சைக்கிளி:
யப்பா, இது நல்லாயிருக்கே.

ஓய்வு வாத்தியார்:
நல்லாயிருக்கு, ஆனா ஓட்டை இருக்கு. கோவர்ங்கறதுதான் மூலம்னு எப்படிச் சொல்றீங்க? கோவேறுங்கறது வாய்ல தேஞ்சு கோவர் ஆகியிருக்கலாமே? ஏ குறுகி, று தேஞ்சு ர் ஆகறது அதிசயமா? தமிழ்ல முழுசா அர்த்தத்தோட இருக்கற ஒரு சொல்லு, பக்கத்துல அதே சொல்லு அர்த்தம் இல்லாம சுருங்கிக் கிடக்கு, எது மூத்ததுன்னு சின்னப் பிள்ளையே சொல்லும். அடுத்தது, ஹேசரங்கற சத்தம் எங்கிருந்து வந்துச்சுன்னு நினைக்கறீங்க?

தங்கவயல்:
வேசரன்னு வடமொழியில இருக்கு, கோவேறு கழுதைன்னே அர்த்தம். தமிழ்லயும் அகராதியில வேசரி இருக்கு. கஞ்சர எனக்கு கச்சர் மாதிரியே கேக்குது, சொல்தேடிகிட்ட கேதார்நாத் பையன் சொன்ன அதே கச்சர்.

ஓய்வு வாத்தியார்:
கன்னடத்துல ப தான் ஹ ஆகும். பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. வ எப்ப ஹ ஆச்சு? வழின்னா ஹழியா?

தங்கவயல்:
அது பொறந்த வீட்டுச் சொல்லுக்கு இருக்கற ரூல் சார். சந்தையில காது வழியா வந்த சொல்லு ரூல் புக் பாத்தா வரும்? சரி, வேசரதான்னு நான் சத்தியம் பண்ண வரல. ஹேசர கன்னடம் இல்லைங்கறதை மட்டும் ஒத்துக்கங்க.

சொல்தேடி:
ஒரு நிமிஷம், வேசரன்னா கோயில் கட்டடக்கலையில வருமே, நாகரம், திராவிடம், வேசரம்? அந்த வேசரமும் கோவேறு கழுதையா?

தங்கவயல்:
நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க. வடக்கு பாணியும் தெற்கு பாணியும் கலந்த கலப்பு, லக்குண்டி, இட்டகி பக்கம் கர்நாடகத்துல நிக்குதே அந்த மாதிரி.

ஓய்வு வாத்தியார்:
சிற்ப நூல் சொல்றது வேற. நாகரம் சதுரம், திராவிடம் எட்டுப்பட்டை, வேசரம் வட்டம்னு வடிவத்தை வச்சுத்தான் பிரிக்குது. வட்டத்துக்கும் கழுதைக்கும் என்ன சம்பந்தம்? சொன்னேன்ல, புரியாத சொல்லு கிடைச்சா ஆளாளுக்குக் கதை கட்டுவாங்க.

தங்கவயல்:
சார்! அதைத்தானே நானும் கோவேறுக்குச் சொல்றேன்!! இந்த கமெண்ட்டை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன்.

குசும்பன்:
வாத்தியார் ரெண்டாவது சேம் சைடு கோல். சுண்டல் தீந்துருச்சு, இன்னொரு பொட்டலம் வாங்கிட்டு வர்றேன்.

முத்துநகர் அக்கா:
சண்டை போடாமன்னு அந்தப் பொண்ணு எழுதினது யாருக்காவது ஞாபகம் இருக்கா?

மெய்ஞானி:
இவ்ளோ நேரம் படிச்சேன், யாரும் அத்திரியோட மூலத்தைப் பேசல. அதுவும் கடன் சொல்லாதான் இருக்கும்னு நினைக்கறேன். வடமொழி அஸ்வதரி, பழைய பௌத்த நூல்கள் இருக்கற பாலி மொழியில அஸ்ஸதரி. தமிழுக்கு வந்தா ஸ த ஆகறது சகஜம், மாஸம் மாதம், ஆஸனம் ஆதனம். அஸ்ஸதரி அத்ததரி, நடுவுல ஒரு த போய் அத்திரி. இந்த அஸ்வதரங்கறதே வேடிக்கையான சொல்லு. 'தர' போட்டா வழக்கமா கூடுதல்னு அர்த்தம், ஆனா கன்னு, காளை, குதிரை மாதிரி சில சொல்லுக்குப் பின்னாடி போட்டா குறைஞ்சதுன்னு அர்த்தம்னு வடமொழி இலக்கணம் எழுதின பாணினி தனி சூத்திரமே போட்டிருக்கார். அஸ்வதரன்னா குறைஞ்ச குதிரை. வடக்க அதைக் குதிரை கணக்குல வச்சு மார்க் குறைச்சான், தெற்க கழுதை கணக்குல வச்சு ப்ரமோஷன் குடுத்தான். அப்பன் வழியா ஆத்தா வழியாங்கற பஞ்சாயத்துதான்.

இன்னொண்ணு, இது தலைப்புக்கு வெளிய, ஆனா சொல்லாம இருக்க முடியல. பாலியில ஒரு செய்யுள், காய்ச்சா வாழை சாகும், மூங்கில் சாகும், நாணல் சாகும், கருத்தரிச்சா அஸ்ஸதரி சாகும், அது மாதிரி புகழ் அற்பனைக் கொல்லும்னு வரும், புத்தரை எதிர்த்துக் கிளம்பின தேவதத்தனைப் பத்தி. கோவேறு கழுதை குட்டி போடாதுங்கறது அவங்களுக்கு நல்லாத் தெரியும், அபூர்வமா கருத்தரிச்சா அதோட செத்துரும்னு நம்பியிருக்காங்க. இப்ப நம்ம ஔவையார் நல்வழியை எடுத்துப் பாருங்க, 'நண்டு சிப்பி வேய் கதலி நாசமுறும் காலத்தில்'. மூங்கில் இருக்கு, வாழை இருக்கு. கழுதை எங்க? நண்டும் சிப்பியும் வந்து உக்காந்திருக்கு.

சொல்தேடி:
அய்யோ இது பிரமாதம். வாழையும் மூங்கிலும் இங்கயும் வளருது, அது அப்படியே இருக்கு. கோவேறு கழுதை ஊர்ல எவன் கண்ணுலயும் படாத மிருகம், அதுக்குப் பதிலா நண்டு.

மெய்ஞானி:
அதேதான். அத்திரிங்கற சொல்லு செத்ததுக்கும் அதுதான் காரணம்னு தோணுது. மிருகம் போச்சு, சொல்லு ஏட்டுல மாட்டிக்கிச்சு, அப்புறம் அகராதியில பாத்தா அத்திரிக்கு கழுதை, குதிரை, ஒட்டகம்னு எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கான்.

ஓய்வு வாத்தியார்:
அத்திரி கடன் சொல்லுங்கறதை யோசிக்கலாம், எனக்கு அதுல பிடிவாதம் இல்ல. ஆனா கோவேறு தமிழ்தான், அதை விட மாட்டேன்.

குசும்பன்:
எனக்கு ஒரு இலக்கண டவுட் வாத்தியாரே. 'புலி கொல் யானை'ன்னு ஒரு உதாரணம் சொல்லுவீங்களே, புலி கொன்ன யானையா, புலியைக் கொன்ன யானையான்னு ரெண்டு பக்கமும் அர்த்தம் வரும்னு. அப்ப கோ ஏறு கழுதையில, கோ கழுதை மேல ஏறுச்சா, இல்ல கழுதை கோ மேல ஏறுச்சா?

ஓய்வு வாத்தியார்:
விதண்டாவாதம்.

குசும்பன்:
இல்ல சார் சீரியஸா. நீங்கதான சொன்னீங்க கோன்னா உசத்தின்னு. இந்த ஜோடியில உசந்தது யாரு, குதிரை. ஏறினது யாரு, ஆண் கழுதை. ஊர்ல காளைக்கு விடறதை என்னன்னு சொல்றோம்? 'காளை ஏறுச்சா, சினை பிடிச்சதா'ன்னு கேக்கறதில்லையா? உசந்த ஜாதி மேல கழுதை ஏறிப் பொறந்தது கோவேறு கழுதை. இதுல ராஜாவும் வேண்டாம், வெளிநாட்டு வியாபாரியும் வேண்டாம்.

முத்துநகர் அக்கா:
சண்டே கிளாஸ் பிள்ளைங்க படிக்கற இடம்ப்பா இது.

தங்கவயல்:
சிரிச்சுட்டேன். ஆனா கோங்கறதுக்கு குதிரைன்னு எங்கயாவது இருக்கணுமே குசும்பா, உசத்தின்னா குதிரைன்னு நீயா வச்சுக்க முடியாது. அதோட உன் கணக்குல கோவேறு கழுதைங்கறது அப்பன் பேரு ஆயிடுது, பிள்ளைக்கு வேற பேரு வேணும்.

குசும்பன்:
அப்பன் பேரை இனிஷியலா வச்சுக்கிட்டான்.

போடி மலையான்:
லேட்டா வந்துட்டேன். எங்க ஊர் போடி, மேல இருக்கற மலைக்கிராமத்துக்கெல்லாம் ரோடு ஒழுங்கா கிடையாது, ஏலக்காய், காப்பிக்கொட்டை இறங்கறதும் அரிசி, சிமெண்ட் ஏறுறதும் இதுங்க முதுகுலதான், எலெக்ஷன் வந்தா ஓட்டு மெஷினே அதுலதான் போகும். கழுதையும் இருக்கும், மட்டக்குதிரையும் இருக்கும், ரெண்டுங்கெட்டானும் ஒண்ணு ரெண்டு இருக்கும். இத்தனை வருஷத்துல எங்க ஊர்ல ஒரு ஆளு வாயில 'கோவேறு கழுதை'ன்னு நான் கேட்டதே இல்ல. எல்லாம் குதிரைதான். 'குதிரைக்காரர் வந்துட்டாரா, பொதி ஏத்தியாச்சா', அவ்வளவுதான் பேச்சு.

ஓய்வு வாத்தியார்:
பேச்சு வழக்குல இல்லாததால சொல்லு தப்புன்னு ஆகாது.

போடி மலையான்:
தப்புன்னு சொல்லல சார். உங்க சண்டையைப் படிச்சுட்டு நேத்து சாயந்திரம் கீழ சந்தைக்கு வந்திருந்த எங்க மாமாகிட்டயே போய்க் கேட்டேன், அவருக்கு எழுபது வயசுக்கு மேல, நாப்பது வருஷமா பொதி ஓட்டறாரு. அவர்கிட்ட அந்த நீளக்காது ஒண்ணு இருக்கு, சரிவுல பள்ளத்து ஓரமா ஒட்டித்தான் நடக்கும், உள்பக்கம் இழுத்தா வராது, முதுகுல ரெண்டு பக்கமும் சேணம் உரசி முடி உதிர்ந்து வழுவழுன்னு இருக்கும். 'மாமா இதுக்கு என்ன பேரு'ன்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பாத்தாரு, பேர் தெரியாம இருக்கானேன்னு. 'ராஜா'ன்னாரு.

நான் இல்ல மாமா, ஜாதி என்ன, கோவேறு கழுதைன்னு படிச்சவங்க சொல்றாங்களே, அரசன் ஏறுற கழுதையாமேன்னு கேட்டேன். அவரு ஏலக்காய் மூட்டையை இறக்கிட்டே, 'அரசன் எங்கடா ஏறுறான், அரசன் மேலதான் எல்லாரும் ஏறுறாங்க'ன்னாரு.

குசும்பன்:
வாத்தியாரே, புலி கொல் யானை!

ஓய்வு வாத்தியார்:
மலையான் தம்பி, அந்த நீளக்காது கத்துறப்ப எப்படிக் கத்தும்னு ஒரு வாய்ஸ் ரெக்கார்டிங் எடுத்துப் போடுங்க. முப்பது வருஷம் பாடம் எடுத்தேன், ஒரு தடவை கூடக் கேட்டதில்ல.